வட்டமடித்த வாளை

ஒரு வாளைமீன் எங்கள் பரிசலைச் சுற்றிச் சுற்றி வட்டமடிக்கிறது என்று நான் நம்பினேன். அரைகுறையாக இல்லை, குலதெய்வத்தின் மேல் ஆணையாக நம்பினேன். அது ஆளைவிட நீளம், அதற்கு என்மேல் தனிப்பட்ட கோபம், அதன் சொந்தக்காரர்களைப் பிடிக்க வருஷா வருஷம் வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்ததற்கு இன்று என்னைத் தேடி வந்திருக்கிறது என்பது வரைக்கும் நம்பினேன். கூட்டிவந்தவர்கள் அதன் சொந்தக்காரர் ஒருவரைக்கூடப் பிடிக்கவில்லை என்பதை அந்த நேரத்தில் அதற்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மீசையில் பாதி நரைத்த பிறகு, காவிரி நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு மீனிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டவன் இந்த தர்மபுரி மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்கு வட்டமான பொருள்களோடுதான் பிழைப்பு. வார நாட்களில் பாப்பாரப்பட்டியில் பஞ்சர் கடை. சனி, ஞாயிறுகளில் பென்னாகரம், ஏரியூர் எல்லாம் தாண்டி, மேட்டூர் அணைத் தண்ணீர் பின்னோக்கி ஏறித் தேங்கி நிற்கும் ஒரு துறையில் பரிசல். டயராவது சொன்ன பேச்சைக் கேட்கும். பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கமே கிடையாது. பெரிய மூங்கில் தட்டு, அடியில் தார் பூசிய சாக்கு, அவ்வளவுதான். துடுப்பை வலது பக்கம் ஒரு இழுப்பு, இடது பக்கம் ஒரு இழுப்பு என்று மாற்றிப் போட்டால் நேராகப் போகும். ஒரே பக்கம் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். பரிசலில் கற்றுக்கொள்ள வேண்டியது மொத்தமே இவ்வளவுதான். எங்கள் துறையில் பால்பல் விழாத குழந்தைக்கும் இது தெரியும்.

பொங்கல் முடிந்து தண்ணீர் தெளிந்து வடிய ஆரம்பித்தால் தூண்டில் பார்ட்டிகள் வருவார்கள். பெங்களூர், ஓசூர், சேலம். கையில் ராக்கெட்டின் உதிரிபாகம் மாதிரி கம்பு, ரீல், பெட்டி நிறைய ரப்பர் மீன்கள். ஒரு நாளைக்கு ஒரு பரிசல் பேசிக்கொண்டு போய் ஆள் உயர வாளையைப் பிடிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். முதல் தடவை இதைப் பார்த்தபோது எங்கள் துறையில் ஒரு கிழவர் கண்கலங்கிவிட்டார். அத்தனை பெரிய மீன் குழம்புக்கு வராமல் போவதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

கர்நாடகத்தில் மழை பிடித்து அங்கே அணைகளைத் திறந்தார்கள் என்றால் எங்கள் சீசன் முடிந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். அதற்கு முன்னால் மைக் கட்டின ஆட்டோ ஒன்று வந்து, பரிசல் இயக்கக் கூடாது என்று அறிவித்துவிட்டுப் போகும். அந்த அறிவிப்பு காதில் விழுந்ததும் துறையில் நடப்பது ஒரு தனிக் கூத்து. அதைச் சொல்லாமல் நான் கெட்ட கதை புரியாது.

அறிவிப்பு வந்த பிறகு எல்லோரும் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்து வைக்க வேண்டும். புளியமரத்தடியில் முதல் பரிசல், அதற்கடுத்து இரண்டாவது என்று சரிவில் கீழ்நோக்கி வரிசையாக. முதலில் கரையேறியவனுக்கு முதல் இடம். அந்த வரிசைதான் அடுத்த வருஷத்துக்கான முறை. மரத்தடிப் பரிசலுக்கு முதல் பார்ட்டி, அடுத்ததற்கு அடுத்த பார்ட்டி. தினமும் காலையில் மேலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். சரிவின் கடைசியில், மீன் கழுவும் பாறைக்குப் பக்கத்தில் கவிழ்த்தவனுக்கு வருஷம் முழுக்கச் செதிலும் நாயும்தான் துணை. அங்கே வரைக்கும் பார்ட்டி இறங்கி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அறிவிப்புக்கு முன்னால் யாரும் கவிழ்க்கவும் கூடாது. முன்னாலேயே கவிழ்த்தால் தண்ணீருக்குக் கோபம் வரும் என்பார்கள். அதனால் கடைசி நாட்களில் எந்தப் பரிசலும் பார்ட்டி ஏற்றாது. எல்லோரும் கரையோரமாகவே, கல்யாணப் பந்தி எப்போது போடுவார்கள் என்று பார்க்கிறவர்கள் மாதிரி, ஒரு காதை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நான் மூன்று வருஷமாகப் பாறைப் பக்கத்து ஆள்.

என் பரிசலும் முறையும் மாமனார் வீட்டு வழியாக வந்தவை. அவர் சாகும்போது மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று இரண்டு முறையைப் பிரித்துவிட்டுப் போனார். மகன் என் மச்சான். பிறந்ததிலிருந்து துறையில் இருக்கிற ஆள். ஆற்றைத் தவிர வேறெதையும் பார்த்துச் சிரித்ததில்லை, ஆற்றைப் பார்த்துச் சிரித்ததையும் நான் பார்க்கவில்லை. தங்கச்சியைக் கட்டிய பஞ்சர் கடைக்காரனுக்குத் துறையில் என்ன வேலை என்பது அவருடைய ஒரே கேள்வி. அதை அவர் கேட்டதே இல்லை. நான் பரிசலில் ஏறும்போதெல்லாம் காறித் துப்புவார்.

போன வருஷம் மூன்றாவது தடவையாகப் பாறையோரம் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவர் மேலே மரத்தடியிலிருந்து சொன்னார்:

"கடைசியிலயே கெடக்கறதுக்கு எதுக்கு மாப்ள ஒரு பரிசலு?"

எனக்கு வாய்தான் சத்துரு. துறையே கேட்கும்படி எழுந்து நின்று, நாடகத்தில் ராஜா மாதிரி துடுப்பை நெஞ்சில் சாத்திக்கொண்டு சொன்னேன்: "அடுத்த வருசமும் கடைசின்னா இந்தத் துடுப்ப உங்க கையில குடுத்துட்டு ஏரியூரு பஸ்ஸு ஏறிடறேன் மச்சான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொல்வதற்கு எல்லோரும் சிரிப்பது வழக்கம், அதற்காகத்தானே சொல்கிறேன். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி," என்றார்.

துறையில் துடுப்பைக் கொடுப்பது என்றால் முறையைக் கொடுப்பது. அதன்பிறகு அந்தக் கரையில் நான் வேடிக்கை பார்க்க வந்தவன். வீட்டில் என் மனைவி இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் என் தட்டில் சோற்றை வைக்கவில்லை, போட்டாள்.

ஆகவே இந்த வருஷம் அணை திறந்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்ன அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டுத் துறைக்கு வந்துவிட்டேன். மரத்துக்கு நேர் கீழே பரிசலைக் கட்டினேன். அதற்குள்ளேயே உட்கார்ந்தேன், தூங்கினேன், டீயை அங்கேயே வரவழைத்துக் குடித்தேன். ஆட்டோ சத்தம் கேட்டால் நாலே எட்டில் மரத்தடி. பின்னால் இருந்தவர்கள் என்னைப் பார்த்து, "அண்ணா, முட்டை எப்ப பொரியுதுங்க?" என்று கேட்டார்கள். கேட்கட்டும். முதல் இடம் எனக்கு.

அப்போதுதான் பெங்களூர்க்காரர் வந்து சேர்ந்தார்.

இவர் யாரென்றால், பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆகி, திட்டுவதற்கு ஆள் இல்லாமல் எங்கள் துறைக்கு வந்தவர். பொங்கலிலிருந்து என் பரிசலில்தான் வருகிறார். முதல் நாள் முறைப்படி மற்றவர்களிடம் போயிருக்க வேண்டியவர், மற்ற எல்லோரோடும் சண்டை போட்டு முடித்துவிட்டு என்னிடம் வந்தார். என் பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை. பஞ்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை சார் என்பேன். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு விஷம் ஏற்ற முடியும் என்பதை இந்த ஆறு மாதத்தில் கண்டுபிடித்தேன். ஆறு மாதமும் அவர் கம்பில் ஒரு வாளையும் ஏறவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணங்கள்: என் துடுப்புச் சத்தம், என் பீடி, என் பேச்சு, என் சட்டை நிறம்.

காரை நிறுத்திவிட்டு நேராக வந்தார். தொப்பியில் ஒரு சின்ன கேமரா.

"எடு பஞ்சர் பரிசல."

"சார், தண்ணி தொறந்துட்டாங்க. டிவில பாக்கலீங்களா?"

"தண்ணி நாளைக்குத்தான் வரும். நானும் டிவி பாக்கறவன்தான்."

"இன்னிக்கி யாருமே எறங்க மாட்டாங்க சார்."

"அவங்கல்லாம் தொழில் தெரிஞ்சவங்க, எறங்க மாட்டாங்க. நீ எறங்கறதுக்கு என்ன?"

கரையில் சிரித்தார்கள். நான் சொல்லி அவர்கள் சிரித்தால் எனக்குப் பிடிக்கும். என்னைச் சொல்லி வேறொருவன் சிரிக்க வைத்தால் காது சூடாகிவிடும்.

"ஆறு மாசமா தண்ணியத்தான் காட்டின. மீனக் காட்டல," என்றார் அவர். "எங்க ஆளுங்க வாட்ஸ்அப் குரூப் நாலு இருக்கு. நாலுலயும் எழுதறேன். இந்தத் தொறையில ஒருத்தன் இருக்கான், வாளை இருக்கற எடம் தவிர மத்த எல்லா எடமும் அவனுக்குத் தெரியும்னு."

மச்சான் அப்போது தன் பரிசலை இறக்கிக்கொண்டிருந்தார். அக்கரையில் போட்டிருந்த வலையைத் தண்ணீர் வருவதற்குள் எடுத்தாக வேண்டும். அவரோடு இன்னும் இரண்டு பரிசல்கள் அதே வேலைக்குக் கிளம்பின. அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"போவாதீங்க மாப்ள."

அதுதான் என்னைக் கெடுத்தது. இந்த மனிதர் எனக்கு நல்லது நினைத்து ஒரு வார்த்தை பேசியதாகச் சரித்திரமே இல்லை. போகாதே என்றால் போவதில் ஏதோ லாபம் இருக்கிறது. இன்றைக்குக் கிணற்று மடுவில் வாளை ஏறும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் பெரிய மீனோடு வந்து நின்றால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? ஒரு மணி நேரம். போனோம், பிடித்தோம், வந்தோம். தண்ணீர் நாளைக்குத்தான்.

பெங்களூர்க்காரர் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறினார். என் இடத்தில் அடுத்தவன் பரிசலை இழுத்துக் கட்டியது திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

கிணற்று மடு என்பது ஆற்றின் நடுவில் கொஞ்சம் கீழே இருக்கிற ஆழமான இடம். அணை கட்டுவதற்கு முன்னால் அங்கே நிலம் இருந்ததாம், மாடு பூட்டி இறைக்கும் கமலைக் கிணறு இருந்ததாம், எல்லாம் முழுகிப்போனதாம். பெயர் அப்படித்தான் வந்தது. பெயரைத் தினமும் சொல்கிறோம், அதற்குள் என்ன இருக்கிறது என்று யார் யோசிக்கிறார்கள்? போன வாரம் டீக்கடையில் மச்சான் யாரிடமோ, அந்த மடுவில் தண்ணீர் குடிக்க வந்த ஆட்டுக்குட்டியை ஒரு வாளை இழுத்துக்கொண்டு போனது என்று சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆற்று நடுவில் ஆட்டுக்குட்டி எப்படித் தண்ணீர் குடிக்க வரும் என்று அன்று தோன்றவில்லை. எனக்குக் கேட்கட்டும் என்றே சொல்லியிருப்பார்.

மடுவுக்கு மேலே பரிசலைத் தானாக நகரவிட்டேன். பெங்களூர்க்காரர் ரப்பர் மீனை வீசினார். இழுத்தார். மறுபடி வீசினார்.

"துடுப்ப ஆட்டாத."

"ஆட்டல சார்."

"மூச்சு விடற சத்தம் கேக்குது."

"அத நிறுத்திட்டா பரிசல யாரு சார் கரைக்குக் கொண்டுபோறது?"

மூன்றாவது வீச்சோ நான்காவதோ, கம்பு வளைந்தது. சாதாரணமாக இல்லை, நுனி தண்ணீரைத் தொடுகிற மாதிரி வளைந்தது. ரீல் கிர்ரென்று கத்தியது. பெங்களூர்க்காரர் ஆறு மாதத்தில் முதல் தடவையாக என்னைத் திட்டாமல் ஒரு வார்த்தை சொன்னார். அது கன்னடத்தில் இருந்தது, அவருடைய அம்மாவைக் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன்.

தூண்டில் நரம்பு என் இடது பக்கம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதாவது அந்த மீன் என் இடது பக்கத்தில் இருந்தது. கம்பு விம்மி விம்மித் தணிந்தது. இழுத்தால் கொஞ்சம் கொடுத்தது, விட்டால் வாங்கியது. இது உயிருள்ளது, இது பெரியது, இது ஆட்டுக்குட்டி சாப்பிடுகிறது. தூரமாகப் போய்விட வேண்டும் என்று துடுப்பை எடுத்துப் போட ஆரம்பித்தேன். வலது பக்கம் மட்டும். இடது பக்கம் மீன் இருக்கிறதே, அங்கே கையைக் கொண்டுபோக நான் என்ன பைத்தியமா?

அப்போதுதான் அது வட்டமடிக்க ஆரம்பித்தது.

நரம்பு இடது பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து முன்னால் வந்தது. அங்கிருந்து வலது பக்கம். பிறகு என் முதுகுக்குப் பின்னால். பெங்களூர்க்காரர் கம்பை விடாமல் அதன் பின்னாலேயே உட்கார்ந்தபடி நகர்ந்தார், செக்குமாடு மாதிரி. என் தலைக்கு நேராக வரும்போது நரம்பு காதை அறுத்துவிடும் போல் வந்தது, நான் குனிந்தேன். நிமிர்ந்து இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டேன். அதுவும் வேகமாகச் சுற்றியது. நான் எவ்வளவு பயந்து போடுகிறேனோ அவ்வளவு கோபமாகச் சுற்றியது. மறுபடி காதருகே நரம்பு. மறுபடி குனிந்தேன்.

"சார், அறுத்து வுடுங்க சார். கவுத்திடும்."

"கைய வெச்ச, கைய ஒடச்சிருவேன்."

"சார், எனக்குப் புள்ளைங்க இருக்குது."

"எனக்கும் இருக்கு. சும்மா இரு."

என் இடுப்பில் கத்தி இருந்தது. எடுத்தேன். எடுத்த வேகத்தில் அது கையை விட்டு, சூரிய வெளிச்சத்தில் அழகாக ஒரு சுற்றுச் சுற்றி, மடுவுக்குள் போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் மீனிடம் பேச ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்பதை எழுத மாட்டேன். "தாயே" என்று அதைக் கூப்பிட்டேன் என்பது மட்டும் போதும்.

அப்போது கரையில் மைக் கேட்டது.

ஆட்டோ வந்துவிட்டது. தண்ணீர் நாளைக்கு வரட்டும், அறிவிப்பு இன்றைக்கே வந்துவிட்டது. பரிசல்களை உடனே கரையேற்றவும் என்ற குரல் தண்ணீர் மேல் தவழ்ந்து வந்தது. நான் குனியும்போதும் நிமிரும்போதும் கரை கண்ணில் பட்டது. பரிசல்கள் ஒவ்வொன்றாக ஆட்கள் தலையில் ஏறிச் சரிவில் ஓடின. மரத்தடியில், நான் பிடித்து வைத்திருந்த இடத்தில், ஒன்று கவிழ்ந்தது. அடுத்து ஒன்று.

"சார், என் முறை போவுது சார். கயிறோ நரம்போ, வுட்டுட்டு வாங்க."

"உன் முறையா பெருசு? இது ரெக்கார்டு மீன்யா."

அக்கரையிலிருந்து மூன்று பரிசல்கள் வந்தன. வலை எடுக்கப் போனவர்கள். முதல் இரண்டும் எங்களைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்கவில்லை. ஒருவன் மட்டும், "அண்ணா, சாமி ஊர்வலமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். மூன்றாவது மச்சான். அவர் பக்கத்தில் வந்து, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார்.

"மச்சான், வாளை. பெருசு. வுட மாட்டேங்குது."

"துடுப்ப மேல எடுங்க மாப்ள."

"என்னாது?"

"துடுப்பத் தண்ணிய வுட்டு மேல எடுங்க. எடுத்துட்டுப் பாருங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் எப்போதும் இருக்கிற அதே வெறுப்பு. துடுப்பை எடுத்தால் மீன் எங்களை மடுவுக்குள் இழுத்துக்கொண்டு போகும், இவர் நிதானமாகக் கரையேறி நல்ல இடமாகப் பார்த்துக் கவிழ்ப்பார். என் துடுப்பு என் கையில் இருக்கும்போதே அதைக் கீழே வைக்கச் சொல்கிறார். எவ்வளவு அவசரம் பாருங்கள் இந்த மனிதருக்கு.

"உங்க வேலையப் பாருங்க மச்சான்," என்றேன்.

அவர் தண்ணீரில் காறித் துப்பினார். துடுப்பை வலது ஒன்று, இடது ஒன்று போட்டார். போய்விட்டார்.

நான் இன்னும் பலமாகப் போட்டேன். வலது பக்கம்தான். மீனும் இன்னும் பலமாகச் சுற்றியது. பெங்களூர்க்காரருக்குத் தலை சுற்றி, காலையில் சாப்பிட்ட இட்லி என் காலருகே வந்தது. அப்போதும் கம்பை விடவில்லை. அந்த மனிதரைப் பற்றி நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல விஷயம் இதுதான். எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போல் இருந்தது. கடைசியில் என்னால் முடியவில்லை. தைரியத்தால் இல்லை, கை மரத்துப்போனதால் துடுப்பு மடியில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அது வரட்டும், இழுக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். பரிசல் தன் வேகத்தில் அரைச் சுற்றுச் சுற்றி, மெல்ல நின்றது. நரம்பும் நின்றது. நேராக, விறைப்பாக, ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டு. பெங்களூர்க்காரர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். இவ்வளவு நேரமும் என்னோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்த மலை இப்போது அசையாமல் நின்றது. பரிசலில் இருக்கிறவனுக்குச் சுற்றுவது பழகிப்போய்விடும், சுற்றுகிறோம் என்றே தோன்றாது. துறையில் எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் மற்றவர்கள் நரம்பைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்னால் கரையைப் பார்ப்பார்கள்.

அவர் ரீலைச் சுற்றினார். பரிசல் நரம்பின் வழியே இழுபட்டுப் போனது. அது இறங்கிய இடத்தில் எட்டிப் பார்த்தோம். தண்ணீருக்கு ஒரு முழம் கீழே, பாசி படிந்து, ஒரு கல்தூண். கமலைக் கிணற்றின் தூண். அதைச் சுற்றி எந்தக் காலத்திலோ சிக்கி விட்டுப்போன வலைக் கந்தல். அதில் ரப்பர் மீன் மாட்டியிருந்தது. இழுத்தால் கொடுத்து, விட்டால் வாங்கிக்கொண்டிருந்தது இந்த வலைதான்.

பெங்களூர்க்காரர் கையை முழங்கை வரை விட்டு ரப்பர் மீனை எடுத்தார். துடைத்தார். பெட்டியில் வைத்தார்.

"பஞ்சர்," என்றார்.

"சார்."

"கரைக்குப் போ. நேரா."

நேராகத்தான் போனேன். வலது ஒன்று, இடது ஒன்று. தண்ணீரின் நிறம் அதற்குள் லேசாக மாற ஆரம்பித்திருந்தது. நாளைக்குத்தான் வரும் என்று டிவியில் சொன்ன தண்ணீர்.

கரையில் எல்லாப் பரிசல்களும் கவிழ்ந்திருந்தன. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, எனக்காகக் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்து யாரும் என்னை வரவேற்றதில்லை. பெங்களூர்க்காரர் காரில் ஏறுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு காரியம் செய்தார். தொப்பியிலிருந்த கேமராவைப் போனில் இணைத்து, புளியமரத்தடியில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். அதில் மீன் இல்லை. மலை சுற்றுகிறது, கரை சுற்றுகிறது, ஆட்டோ சுற்றுகிறது, ஒரு நரைத்த மீசை குனிந்து நிமிர்ந்து "தாயே" என்கிறது. மறுபடி மலை. மச்சான் அதை முழுக்கப் பார்த்தார். ஆற்றைப் பார்ப்பது போலவே பார்த்தார்.

"இத எல்லா குரூப்லயும் போடறேன்," என்றார் பெங்களூர்க்காரர். போட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பாப்பாரப்பட்டிச் சந்தையில் கத்தரிக்காய் எடை போடுகிறவர்கூட என்னைக் கண்டால் விரலை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறார்.

அது மீன் இல்லை, கல்தூண். சுற்றியது தூண் இல்லை, நான். துடுப்பை மேலே எடுக்கச் சொன்ன ஒரே ஆள் என் மச்சான், அவர் சொன்னது சரி. பரிசலைப் பாறையோரம் கடைசியில் கவிழ்த்தேன். சரிவில் ஏறிப் போய் மரத்தடியில் அவரிடம் துடுப்பை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். நான் ஏரியூர் பஸ் ஏறினேன்.